பித்தப்பையை எடுத்த பின் உடல் எடையும் உடல்நலமும்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பித்தப்பையை எடுத்துவிட்டால் உடம்பு வைத்துவிடுமா என்று சத்திரசிகிச்சைக்கு முன்னரே கேட்பவர்கள் குறைவு. மூன்று நான்கு மாதங்கள் கழிந்து, சட்டையின் கைகள் இறுகி, நீளக்காற்சட்டையின் பொத்தான் பூட்டுப்படாமற் போகும்போது கேட்பவர்களே மிகுதி. பித்தப்பை இல்லாமற் போனது தன்னளவில் ஒருவரைப் பருமனாக்குவதில்லை. அது போன பின் வீட்டுச் சமையலறையிலும் சாய்மனைக் கதிரையிலும் நடக்கும் மாற்றங்களே பெரும்பாலானோரின் எடையைக் கூட்டுகின்றன. எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் அடியோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தைச் சோற்றாலும் பாணாலும் சீனி போட்ட தேநீராலும் நிரப்புவதுதான் இவ்வூரில் நான் அடிக்கடி காணும் தவறு. நானும் அதையே செய்தேன். நான்கு மாதங்களில் ஆறு கிலோ கூடிய பின்னரே எங்கே பிழைத்தேன் என்று எனக்கு விளங்கியது.

உடலுக்குள் என்ன மாறுகிறது

ஈரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சுரப்பதில்லை. அதில் 30 முதல் 50 மில்லிலீற்றர் வரை வாங்கி, அதிலுள்ள நீரை உறிஞ்சிச் செறிவாக்கி வைத்துக்கொண்டு, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியவுடன் சுருங்கி ஒரேயடியாக வெளிவிடுகிறது. கந்தளாய்க் குளத்தின் மடையைத் திறந்து வயலுக்கு வேண்டிய வேளையில் நீர் விடுவதற்கும், குளமே இல்லாத இடத்தில் ஓடைநீர் இரவும் பகலும் மெல்ல வழிந்துகொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடே சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு. நீரின் அளவு குறையவில்லை. வேண்டும்போது சேர்த்து விடும் வசதிதான் போய்விட்டது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் பின்தொடர்கின்றன. சிறிது சிறிதாகப் பகிர்ந்து உண்ணப்படும் கொழுப்பு முன்போலவே சமிக்கும், ஆனால் ஒரே வேளையில் பெருமளவு கொழுப்பு வந்து விழுந்தால் அதைச் சமாளிக்க அந்நேரத்தில் உள்ள பித்தநீர் போதாமல் வயிறு ஊதும், புளித்த ஏப்பம் வரும், சிலருக்கு மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். மறுபுறத்தில், வயிறு வெறுமையாக இருக்கும் இரவு வேளையிலும் பித்தநீர் வழிந்துகொண்டே இருப்பதால், அதன் ஒரு பகுதி பெருங்குடல் வரை சென்று அங்கு நீரைச் சுரக்கச் செய்கிறது. காலையில் எழுந்தவுடனோ முதற் தேநீர் குடித்தவுடனோ கழிவறைக்கு ஓடவேண்டி வருவதன் காரணம் பலரிடத்தில் இதுவே. பெரும்பாலானோரின் உடல் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இப்புதிய ஒழுங்குக்குப் பழகிவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'பித்தம்' என்பதும் இந்தப் பித்தநீரும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் பேசும் பித்தம் உடலின் இயல்பு பற்றிய ஒரு கருத்து. பையை எடுத்ததால் அது தலைக்கு ஏறிவிடும் என்று அஞ்சி, பேதிக்குக் கொடுப்பதும் ஆமணக்கெண்ணெய் குடிக்க வைப்பதும், ஏற்கெனவே பித்தநீரால் இளகியிருக்கும் குடலுக்கு மேலும் தொல்லையைத்தான் தரும். சித்த வைத்தியரிடம் மருந்து எடுப்பவர்கள் தங்களுக்குப் பித்தப்பை இல்லை என்பதை அவரிடமும், எடுக்கும் சூரணங்களின் பெயர்களைக் கிளினிக் வைத்தியரிடமும் மறைக்காமற் சொல்லவேண்டும். கல்லைக் கரைக்கும் என்று விற்கப்படும் கசாயங்களுக்கு, கல்லிருந்த பையே போன பின்னர், ஒரு வேலையும் இல்லை.

எடை கூடுவதன் காரணங்கள்

சத்திரசிகிச்சைக்கு முந்திய மாதங்களில் நோயாளி சாப்பாட்டைக் கண்டாலே அஞ்சியிருப்பார். வலது விலாவின் கீழ் எழுந்து முதுகுக்கும் தோள்பட்டைக்கும் பரவும் அந்த வலி மீண்டும் வந்துவிடுமோ என்று கலியாண வீட்டுப் பந்தியிலும் அரைவயிற்றோடு எழும்பியிருப்பார். அதனால் மூன்று நான்கு கிலோ குறைந்துமிருப்பார். வலி போனதும் பசி திரும்புகிறது, இழந்த எடையும் திரும்புகிறது. இது நோய் நீங்கியதன் அடையாளம். இதற்காக வருந்தத் தேவையில்லை. ஆகவே எடை கூடிவிட்டது என்று கணக்குப் பார்க்கும்போது, வலி தொடங்குவதற்கு முன்னர் இருந்த எடையோடு ஒப்பிட வேண்டுமே தவிர, நோயால் மெலிந்து சத்திரசிகிச்சைக் கட்டிலில் படுத்த நாளின் எடையோடு ஒப்பிடக்கூடாது.

அடுத்த காரணம் நம்முடைய அன்பு. 'வெட்டின உடம்பு' என்று சொல்லி, எழும்பி ஒரு செம்பு தண்ணீர் எடுக்கவும் விடாமல், நேரத்துக்கு நேரம் முட்டையும் சூப்பும் மோல்ட் மாப்பானமும் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் பிஸ்கற் பெட்டிகளும் மாப்பேணிகளும் அலுமாரியை நிறைக்கின்றன. நோயாளிக்குரிய பத்திய உணவாகவே நாம் கருதும் கிறீம் கிறாக்கர் கோதுமை மாவாலும் கொழுப்பாலும் ஆனது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு தட்டில் எட்டுப் பிஸ்கற்றும் ஒரு குவளை இனிப்புப் பாலும் ஒரு நேரச் சோற்றுக்கு ஈடாகும்; நோயாளியோ தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. பித்த அமிலங்கள் கொழுப்பைக் கரைப்பதோடு, உடல் சீனியையும் கொழுப்பையும் கையாளும் முறையிலும் பங்கெடுக்கின்றன. பையை எடுத்த பின் அவற்றின் சுழற்சி மாறுகிறது. பித்தப்பை எடுத்தவர்களிடம் ஈரலில் கொழுப்புப் படிதல் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயினும் பருமன், நீரிழிவு, இரத்தத்தில் கூடிய கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகியவையே கல்லையும் ஈரற் கொழுப்பையும் ஒருங்கே உண்டாக்குகின்றன என்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நடைமுறையில் நமக்கு வேண்டிய பொருள் ஒன்றுதான்: கல்லை எடுத்தாயிற்று, கல்லைத் தந்த வாழ்க்கைமுறையை எவரும் எடுத்துவிடவில்லை. தலசீமியா போன்ற இரத்த நோய்களால் கல் உண்டானவர்களுக்கு இக்கூற்று பொருந்தாது. அவர்களுடைய கல்லின் வகையே வேறு.

எடை கூடுவதோடு களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மாதவிடாய் மாற்றம் என்பனவும் சேர்ந்திருந்தால் பழியைப் பித்தப்பையின் மீது போட்டுவிட்டு இருந்துவிடாமல், தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் பித்தக்கல்லும் தைரொயிட் குறைபாடும் ஒரே காலத்தில் தலைகாட்டுவது அரிதன்று.

முதல் ஆறு வாரங்கள்

துளை வழியாகச் செய்த சத்திரசிகிச்சை என்றால் அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடக்கத்தான் வேண்டும். வயிற்றை விரிப்பதற்குச் செலுத்திய வாயுவின் மிச்சத்தால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் தோள்பட்டையில் வலி இருப்பது இயல்பு, நடையே அதற்கும் மருந்து. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் எடுக்கும்.

நடை வேறு, பாரம் தூக்குவது வேறு. கிணற்றில் அள்ளி வாளி சுமப்பது, அரிசி மூட்டையை இழுப்பது, 12.5 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டரை நகர்த்துவது ஆகியவற்றை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். தொப்புளருகில் உள்ள துளை ஆறுமுன் அழுத்தம் கொடுத்தால் அவ்விடத்தில் குடலிறக்கம் உண்டாகலாம். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும் முதற் சில வாரங்களுக்கு வேண்டாம். புண் முற்றாக ஆறும் வரை கடற்குளிப்பையும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பையும் தள்ளி வைக்கவேண்டும். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, வலிநிவாரணிக் குளிசை இல்லாமலும், சடுதியாகப் பிரேக் பிடித்தால் வயிறு நோகாமலும் இருக்கும் நிலை வந்த பின்னரே எடுக்கலாம்.

இந்த ஆறு வாரங்களில் செய்யவேண்டிய இரண்டு காரியங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் கழிவறைக்குச் சென்று வந்த பின், ஒரே தராசில் எடையைப் பார்த்து, இடுப்புச் சுற்றளவையும் தொப்புள் மட்டத்தில் அளந்து ஒரு கொப்பியில் எழுதவேண்டும்; எடை கூடுவதை ஒரு கிலோவிலேயே கண்டுகொண்டால் மறிப்பது எளிது, எட்டுக் கிலோவில் கண்டால் எளிதன்று. மற்றையது, எடுத்த பித்தப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தால் அதன் அறிக்கையை மறவாமல் வாங்கி வைத்தியரிடம் காட்டுவது. கல்லோடு இருந்த பையில் அரிதாகப் புற்றுநோய் மறைந்திருப்பதுண்டு. அறிக்கை ஆய்வுகூடத்து மேசையில் கிடந்து பயனில்லை.

தேங்காய்ப்பாலை என்ன செய்வது

கிழக்கு மாகாணத்துச் சமையலில் இதுதான் மையக் கேள்வி. காலையில் சொதியும் சம்பலும், மதியம் பருப்பிலும் மரக்கறியிலும் மீன்குழம்பிலும் பால், இரவு பிட்டுக்குத் தேங்காய்ப்பூ என்று மூன்று வேளையும் தேங்காயில்லாமல் கழியாத ஒரு வீட்டிடம் கொழுப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னால், அவர்கள் ஒரு கிழமை பட்டினி கிடந்துவிட்டு மறு கிழமை பழைய வழிக்கே திரும்புவார்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 100 கிராம் புதிய தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பும் 350 கலோரியும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அது தேங்காயெண்ணெயாயினும் நல்லெண்ணெயாயினும், ஏறத்தாழ 120 கலோரி தரும். நாளொன்றுக்கு 1,800 கலோரி போதுமான ஒருவர் அதில் முப்பது சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து பெறுவதானால், கொழுப்பின் ஒரு கிராம் 9 கலோரி என்ற கணக்கில், அது நாளுக்கு 60 கிராம் ஆகிறது. இந்த அறுபதையும் நான்கு வேளைக்கும் பகிர்ந்தால் வேளைக்குப் பதினைந்து. பித்தப்பையில்லாத வயிறு இப்பதினைந்தைப் பெரும்பாலும் முறையிடாமல் ஏற்றுக்கொள்ளும். அதே அறுபது கிராமையும் ஒரு கொத்து ரொட்டியிலும் பொரித்த கோழியிலும் வைத்து இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. முதற் சில வாரங்களுக்கு இதிலும் பாதியோடு தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

சமையலில் இதைச் செய்யும் வழி இதுதான். முதற்பாலை ஒரே ஒரு கறிக்கு மட்டும் ஒதுக்கி, மற்றக் கறிகளை இரண்டாம் பாலிலோ மூன்றாம் பாலிலோ சமைக்கலாம். சொதியைக் கடைப்பாலில் வைத்து, இறக்கும்போது எலுமிச்சம்புளி விட்டால் சுவை குன்றாது. வெந்தயமும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் வெங்காயமும் அவியும் மணத்தில்தான் சொதியின் சுவை பெரும்பாலும் இருக்கிறது. பால் விட்ட கறி இருக்கும் வேளையில் சம்பல் வேண்டாம், சம்பல் இருக்கும் வேளையில் பால்கறி வேண்டாம் என்று ஒரு வீட்டுச் சட்டம் வைத்தால் அளக்கவே தேவையில்லை. கீரைச் சுண்டலுக்குக் கைப்பிடித் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி போதும். நோயாளிக்குத் தனிச்சட்டியில் சப்பென்று அவித்துக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை; முழு வீட்டுக்கும் ஒரே சட்டியில் தேங்காயைக் குறைத்தால் யாரும் ஒதுக்கப்பட்டவராக உணரமாட்டார், கணவருடைய கொலஸ்ட்ரோலும் பயன்பெறும்.

தேங்காயெண்ணெய்க்குப் பித்தநீர் தேவையில்லை, ஆகவே எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதில் அரைவாசி உண்மைகூட இல்லை. தேங்காயெண்ணெயில் பித்தநீரின் துணை அதிகம் வேண்டாத, சங்கிலி நீளம் சற்றுக் குறைந்த கொழுப்பமிலங்கள் சிறு பங்கே. பெரும்பங்காகிய லோரிக் அமிலத்தின் மிகுதி மற்றக் கொழுப்புகள் போகும் வழியிலேயே போகிறது. கலோரியிலும் சலுகை கிடையாது, இரத்தக் கொழுப்பை உயர்த்தும் நிறைகொழுப்பும் அதில் மிகுதி.

இதற்கு நேர்மாறான பிழை கொழுப்பை முழுதாக நீக்குவது. விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்போடுதான் உடலுக்குள் சேரும். கொழுப்பே இல்லாத சாப்பாடு பசியையும் விரைவில் திருப்பிக் கொண்டுவரும். முருங்கையிலையும் பூசணியும் ஒரு சொட்டு எண்ணெயாவது கண்டால்தான் அவற்றின் சத்து முழுதாகச் சேரும். நம் கடலில் கிடைக்கும் சூடை, கீரி, சூரை போன்ற மீன்களின் கொழுப்பு உடலுக்கு நன்மை தருவது. குழம்பாகவோ வாட்டியோ உண்ணலாம், பொரித்தால் மீனின் கொழுப்போடு தாச்சியின் கொழுப்பும் சேரும். இறாலும் கணவாயும் கொழுப்புக் குறைந்தவை. அவற்றை எண்ணெயில் மிதக்க விடுவது நாம்தான்.

கண்ணுக்குத் தெரியாத கொழுப்பும் உண்டு. கொழுப்பு நீக்காத பால்மாவில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கொழுப்பே. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் பசுந்தயிரைவிடக் கொழுப்புக் கூடியது. பாணி விட்டு ஒரு சிறு சட்டியை ஒருவராகவே முடிப்பதைத் தவிர்த்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டியோடு நிறுத்தலாம். டச்பே கடற்கரையில் கதைத்துக்கொண்டே கொறிக்கும் கச்சானின் ஏறத்தாழப் பாதி கொழுப்பு என்பதை அறிந்தால் பொட்டலத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுவோம்.

சோறு, மா, சீனி

உண்மையில் எடை ஏறும் பாதை இதுவே. எண்ணெய்க்கு அஞ்சுபவர் பாணுக்கு அஞ்சுவதில்லை. கால் றாத்தல் பாணில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை அளவு சோற்றில் ஏறத்தாழ 200. நாம் ஒரு வேளைக்குப் போடுவது மூன்று கோப்பை, சில வீடுகளில் நான்கு. கறியில் கொழுப்பைக் குறைத்ததும் வயிறு நிறைய மேலும் ஒரு கோப்பை சேர்கிறது.

தட்டின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும், காற்பங்கை மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி போன்றவற்றுக்கும், எஞ்சிய காற்பங்கைச் சோற்றுக்கும் கொடுப்பதே எளிய அளவு. சோற்றை முதலில் போட்டால் இந்த அளவு ஒருபோதும் வராது. மரக்கறியை முதலில் போடவேண்டும். தீட்டாத சிவப்புப் பச்சையரிசிச் சோறும் குரக்கன் பிட்டும் வெள்ளையரிசியை விட நார்ச்சத்துக் கூடியவை, பசியையும் தாமதிக்கச் செய்யும். ஆனால் சிவப்பு என்பதற்காக அளவை மறந்தால் பலனில்லை.

தேநீரை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி, அதாவது நாற்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று சொல்கிறது. சீனியை ஒரே நாளில் விடமுடியாதவர்கள் கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தால் இரண்டு மாதங்களில் வெறுந்தேநீருக்கு நாக்கு பழகிவிடும். மாலைநேர ரோல்ஸ், கட்லட், வடை ஆகியவற்றைக் கிழமைக்கு ஒன்றாகச் சுருக்கி, மற்ற நாட்களில் அவித்த கடலை, பப்பாசிப்பழம், கொய்யா என்று மாற்றலாம். மதுவில் கிராமுக்கு 7 கலோரி. ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதாக ஸ்கான் சொல்லியிருந்தால் மதுவை விடுவதே சரி.

வயிறு அடங்காவிட்டால்

சத்திரசிகிச்சைக்குப் பின் நூற்றில் ஐந்து முதல் இருபது பேர் வரை வயிற்றோட்டத்தால் அல்லற்படுவதாகக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலானோருக்கு அது தானாகவே தணியும். அதுவரை, என்ன உண்டபோது எத்தனை மணிக்கு ஓடவேண்டி வந்தது என்பதை எடை எழுதும் கொப்பியிலேயே குறித்துவந்தால், பொதுத் தடைகளை விட உங்களுக்கே உரிய காரணிகள் தெளிவாகும். ஒருவருக்குக் கோப்பி, ஒருவருக்குப் பால், ஒருவருக்குக் கொச்சிக்காய்த்தூள் தூக்கலான கறி.

நீரில் கரையும் நார்ச்சத்து மிகுதியான பித்த அமிலத்தைப் பிடித்துவைத்து மலத்தைக் கெட்டியாக்க உதவும். வெண்டிக்காய், பருப்பு, ஓட்ஸ், வாழைப்பழம், ஊறவைத்த வெந்தயம் ஆகியவற்றில் அது உண்டு. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் வாயு கட்டிவிடும். கிழமைக்கு ஒன்றாகச் சேர்க்கவேண்டும். சித்திரை முதல் ஆவணி வரையான வெயிற்காலத்தில் வயிற்றோட்டம் இருந்தால் வியர்வையோடும் நீர் போகும் என்பதால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைப் பொதியில் சொல்லியபடி கரைத்துக் குடிக்கலாம். இனிப்புச் சோடா அதற்கு மாற்றாகாது.

நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்கள், வயிற்றோட்டம் பித்தப்பையாலா மருந்தாலா என்பதை வைத்தியரிடம் கேட்கவேண்டும். இம்மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு அது. தாமாக நிறுத்தக்கூடாது. நான்கு கிழமைகளுக்கு மேலும் வயிற்றோட்டம் நீடித்தால், பித்த அமிலத்தைக் கட்டுப்படுத்தும் கொலெஸ்டைரமின் போன்ற மருந்தை வைத்தியர் எழுதக்கூடும். அது மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துவிடும் இயல்புடையது. ஆகவே தைரொயிட் குளிசை, இரத்தம் உறையாமைக்கான குளிசை ஆகியவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்னரோ எடுக்கவேண்டும். மலத்தோடு இரத்தம் போவது, காய்ச்சல், இரவில் நித்திரையைக் கெடுக்கும் வயிற்றோட்டம், முயலாமலே எடை குறைதல் என்பன பித்தப்பையோடு தொடர்பில்லாத வேறு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அவற்றைக் காத்திருந்து பார்க்கக்கூடாது.

விரதமும் நோன்பும்

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர்களும், ரமழான் முழுதும் நோன்பு பிடிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் இரண்டையும் தவிர்ப்பதே முறை. அதன் பின்னரும் வைத்தியரிடம் கேட்டே தொடங்கவேண்டும். நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். ஆறிய பின் நோன்பு பிடிப்பதால் பித்தப்பையில்லாதவருக்குத் தனிப்பட்ட கேடு இல்லை. நோன்பு திறக்கும் விதத்தில்தான் சிக்கல் வருகிறது. நாள் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றில் சமோசாவும் ரோல்ஸும் முதலில் விழுந்தால் மஃரிபு தொழுகைக்குள்ளேயே வயிறு கடையத் தொடங்கும். பேரீச்சம்பழம், தண்ணீர், பால் குறைத்த நோன்புக் கஞ்சி என்று தொடங்கி, ஒரு மணி நேரம் விட்டு உணவு எடுப்பது எளிதாகச் சமிக்கும். விரதம் முடித்து உண்ணும் பாறணைக்கும் இதுவே பொருந்தும். உளுந்து வடையும் பாயசமும் முதற் கவளமாக வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் குறைப்பது

எடை கூடிவிட்டது என்ற பதற்றத்தில் ஒரு வேளை மட்டும் உண்பது, எலுமிச்சை நீரில் நாளைக் கழிப்பது, ஈரலைச் சுத்தம் செய்வதாக எண்ணெயும் எலுமிச்சம்புளியும் குடிப்பது என்று இறங்குபவர்கள் ஒன்றை அறியவேண்டும். உடல் எடை வெகுவேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரோல் செறிவாகிறது. பை இல்லாவிட்டாலும் பித்தக்குழாயில் கல் உண்டாக வாய்ப்பு இருக்கிறது. கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 23க்கு மேற்போனால் அபாயம் தொடங்குகிறது என்றும், 27.5க்கு மேல் அது மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் குறித்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உள்ளே இருக்கவேண்டும். பழைய இளமைக்கால எடையை எட்டத் தேவையில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே ஈரற் கொழுப்பும் இரத்தச் சீனியும் இறங்கும்.

கிழமைக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை என்பது நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள். நம் ஊரில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. டச்பே கடற்கரையோரமாகச் சமதரையில் தொடங்கி, உடல் தேறிய பின் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேயும் நிழலூடாகக் கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால், மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி கிடைக்கும். வெயிற்காலத்தில் காலை ஆறு மணியை ஒட்டி முடித்துவிட வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை கொட்டும் நாட்களில் நடை நின்றுபோவதும் அம்மாதங்களில் எடை ஏறுவதும் எனக்கு நன்கு பழக்கம். விறாந்தையில் நடப்பதும், கதிரையிலிருந்து கைபிடியாமல் பத்துப் பத்தாக எழுந்து அமர்வதும் அந்நாட்களுக்குப் போதும்.

எப்போது வைத்தியசாலைக்குப் போகவேண்டும்

ஆண்டுக்கு ஒருமுறை வெறும்வயிற்று இரத்தச் சீனி, இரத்தக் கொழுப்பு, ஈரல் நொதிகள், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. இவற்றில் சிலவற்றை அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம்.

கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் கடுந்தேநீர் நிறமாதல், மலம் களிமண் நிறமாக வெளுத்தல், நடுக்கத்தோடு காய்ச்சல், மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பாயும் கடும் வலி, விடாத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும், சத்திரசிகிச்சை முடிந்து பத்து நாளாயினும் பத்து ஆண்டாயினும், அது வீட்டில் கசாயம் வைத்துப் பார்க்கும் காரியமன்று. பித்தக்குழாயில் தங்கிய கல்லோ புதிதாக உண்டான கல்லோ வழியை அடைத்திருக்கலாம், குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம், சதையி வீங்கியிருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். மஞ்சளும் காய்ச்சலும் வலியும் ஒன்றாக வந்தால், மூதூரிலிருந்தாயினும் குச்சவெளியிலிருந்தாயினும், விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே புறப்படவேண்டும்.

போகும்போது சத்திரசிகிச்சையின்போது தந்த நோய் நிர்ணய அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பித்தப்பை எடுத்த பலருக்குப் பித்தக்குழாய் சற்று விரிந்திருப்பது இயல்பு. பை இல்லை என்பதை அறியாமல் ஸ்கானைப் பார்ப்பவர் அதை அடைப்பு என்று ஐயுறலாம், பழைய ஸ்கான் அறிக்கையில் குழாயின் அளவு எழுதப்பட்டிருந்தால் அதனோடு ஒப்பிட்டு உடனே தெளிவார்.